ஒரு விரற்கடைக் களிமண்

மணல்மேட்டு மடத்துக்குச் சீடராகச் சேர வருகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் வருவார்கள். கொளஞ்சிநாதன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தார். அறுபது வயதுக்கு மேல் வேறு விதமாக நடக்க அவருக்கு வரவில்லை.

அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரிக்கு மேலே கிடக்கிற மண்ணையெல்லாம் வாரி ஒதுக்குகிற பெரிய சக்கர மெஷினை ஓட்டியவர். பக்கத்தில் நின்றால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய மெஷின் அது. அதன் உச்சியில் உட்கார்ந்து ஆயுசில் பாதியைக் கழித்த மனிதர், தரையில் நடக்கும்போதும் கொஞ்சம் உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

மடத்துக்கு வடக்கே சாம்பல் நிறத்தில் ஒரு மலை தெரியும். கடவுள் படைத்த மலை இல்லை. சுரங்கத்திலிருந்து வந்த மண் வருடக்கணக்காகக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அதைக் கழிவு மேடு என்பார்கள். கொளஞ்சி அதை "நம்ம மலை" என்பார்.

மடத்தின் குரு தையல்நாயகி அம்மாள். கொளஞ்சியைவிட இருபது வயதாவது இளையவர். வயதில் மூத்த சீடர்களை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். உபதேசம் கேட்க வருகிறவர்கள் பாதிப் பேர் ஏமாந்து திரும்புவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார்.

மடத்தின் நிலமோ வெறும் மணல். அந்தக் காலத்து மிராசுதார் ஒருவர் தானமாகக் கொடுத்தது. விளையாத நிலத்தைத் தானம் கொடுப்பதில் புண்ணியமும் கிடைக்கும், கைநஷ்டமும் இல்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால், குடத்தைக் கீழே வைப்பதற்குள் ஊற்றிய இடம் காய்ந்துவிடும். எருவும் அப்படித்தான். போட்டது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட மண்ணை வைத்துக்கொண்டு, மடத்தில் ஒரு வழக்கத்தையும் வைத்திருந்தார்கள். காவித் துண்டு வாங்க விரும்புகிற சீடர், மடத்து நிலத்தில் தன் கையால் தானியம் விளைவித்து, அதைக் கூழாகக் காய்ச்சி, குருவின் கையில் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் துண்டு. அதனால் மடத்தில் காவித் துண்டு போட்டவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கொளஞ்சிக்குத் துண்டு வேண்டும். வேண்டும் என்றால் சும்மா ஆசை இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பியபோது மகன்கள் சிரித்திருந்தார்கள். "ஒரு மாசம் தாங்கமாட்டீங்கப்பா" என்று மூத்தவன் சொன்னான். "திரும்பி வந்தா தோள்ல காவியோட வருவன். இல்லன்னா இந்த வாசப்படிய மிதிக்கமாட்டன்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

ஒருநாள் காலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்த குருவிடம் போய் நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"எனக்குக் கர்வம் போகமாட்டேங்குதும்மா. விழுந்து விழுந்து கும்புட்டும் போகல. பட்டினி கெடந்தும் போகல. பட்டினி கெடந்து முடிச்சதும், யாரு இவ்ளோ நேரம் கெடப்பான்னு அதுக்கு ஒரு கர்வம் வந்து நிக்குது. இத எப்படிம்மா போக்கறது?"

அம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். வடக்கே பார்த்தார்.

"அந்த மேட்டுல களிமண் கெடக்குதாமே?"

"கெடக்குதாமாவா!" கொளஞ்சியின் குரல் தானாக உயர்ந்தது. "நான் அள்ளி அனுப்பினதும்மா அது!"

"எல்லாப் பக்கமும் ஒரே மண்ணா?"

"எப்படிம்மா ஒரே மண்ணா இருக்கும்? கிழக்குச் சரிவு புதுசு. அது புளிச்ச மண்ணு, புல்லுகூட மொளைக்காது. மேற்குச் சரிவு பழசு. அங்க எருக்கும் கோரையும் தானா வந்திருக்குது. அந்த எடத்துல நீலம் பாரிச்ச களி இருக்கு பாருங்க, தின்னலாம் போல இருக்கும். பூமிக்குள்ள எத்தனையோ காலம் சத்த வாங்கி வெச்சுக்கிட்டுப் படுத்திருந்த மண்ணு."

"இவ்ளோ தெரிஞ்சவர் நம்ம மடத்துல இருக்கறது நல்லதாப் போச்சு" என்றார் அம்மாள். அவர் யாரையும் மெச்சிக் கேட்டவர்கள் குறைவு. கொளஞ்சிக்கு உச்சி குளிர்ந்தது.

"கிழக்கு வயல எடுத்துக்குங்க ஐயா. மணல் மேல அந்தக் களிய பரப்புங்க. ஒரு வெரக்கட கனம் போதும்."

"என் கேள்விம்மா?"

"வெரக்கட கனம்" என்று விரலைப் படுக்கவைத்துக் காட்டிவிட்டு அம்மாள் மறுபடியும் கூட்ட ஆரம்பித்தார்.

மேற்கு வயல் சிவக்கொழுந்துடையது. சிவக்கொழுந்து கொளஞ்சிக்கு முன்பே மடத்துக்கு வந்தவர், துண்டு இல்லாதவர். அவரைப் போல அடக்கமான மனிதரை மடம் கண்டதில்லை. எதைச் சொன்னாலும் "சரிங்கம்மா" என்பார். பொழுது சாய்வதற்குள் சொன்னது மறந்துபோயிருக்கும். மறுபடி சொன்னால் மறுபடியும் "சரிங்கம்மா". அவரையும் களிமண் போட்டுக்கொள்ளச் சொன்னார் அம்மாள்.

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்" என்று சிவக்கொழுந்து கைகூப்பினார். "நான் எம்மாத்திரம். இருக்கிற மணலே எனக்கு ஜாஸ்தி."

வேண்டியவர்கள் அள்ளிக்கொள்ளலாம் என்று சுரங்கத்தில் சொல்லியிருந்தார்கள். கொளஞ்சி பழைய நட்பைப் பிடித்து டிப்பர் லாரி வரவழைத்தார். மேற்குச் சரிவில் தானே நின்று, கைவிட்டுப் பார்த்து, நல்ல களியாகப் பொறுக்கி ஏற்றினார். லாரிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. ஒரு விரற்கடை என்பது விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிற கணக்கு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அம்மாள் பாவம், லாரிக்கு எங்கே போவான் மனுசன் என்று குறைத்துச் சொல்லியிருப்பார். நல்லது என்று தெரிந்த பிறகு கை சுருக்குவானேன்? வயல் முழுக்க ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கட்டி கரைந்துவிடும் என்று ஈரத்தோடு ஈரமாக உழுதார். வயல் குழம்பாகி, மழை விட்ட பிறகு பார்த்தால், தண்ணீர் நின்றது. மணல்மேட்டு மடத்தில் தண்ணீர் நின்றது! யாரும் கண்டிராத காட்சி. இரண்டு நாளில் தவளைகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன.

கொளஞ்சியைக் கையில் பிடிக்க முடியவில்லை. சுரங்கத்துப் பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் போன் போட்டார்.

"சொட்டுத் தண்ணி நிக்காத மணல்ல தவளை கத்துதுய்யா, தவளை! வந்து பாருங்க!"

அவர்கள் வேனில் வந்து பார்த்தார்கள். வரப்பில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "மெஷின்காரன்னா மெஷின்காரன்தான்" என்றார் ஒருவர். கொளஞ்சி அந்தச் சொல்லை ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தார்.

அம்மாளும் வந்து பார்த்தார்.

"எவ்ளோ போட்டீங்க ஐயா?"

"ஒரு சாண் போட்டன்மா. நீங்க சங்கடப்பட்டுக் கொறைச்சு சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அம்மாள் குனிந்து தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார்.

"தவளை நல்லா கத்துது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் வடிகிற வழியாக இல்லை. ஓரளவு சுண்டியதும் கொளஞ்சி அவசரப்பட்டுக் கேழ்வரகு விதைத்தார். பாதி விதை சேற்றில் அழுகிற்று. மீதி முளைக்கப் பார்க்கும்போது வெயில் வந்தது. வயல் இறுகத் தொடங்கியது. தை பிறந்தபோது குதிகாலால் தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது. வெடிப்பில் கைவிடலாம். முளை ஒன்றுகூட அந்தத் தளத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரவில்லை. தவளைகள் எப்போதோ கிளம்பிவிட்டன.

மேற்கு வயலில் சிவக்கொழுந்து மணலிலேயே விதைத்து, விடிந்தால் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். கூடை கூடையாகச் சாணம் போட்டார். எல்லாம் கீழே போய்விட்டது. பயிர் மஞ்சளாக விரல் உயரம் வந்து செத்தது. "நமக்குக் கொடுத்துவெச்சது அவ்ளோதான்" என்று சிவக்கொழுந்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

சுரங்கத்துச் சிநேகிதர் ஒருவர் போனில் கேட்டார்: "தவளை சௌக்கியமா?"

கொளஞ்சி அன்றைக்கே துணியை மூட்டை கட்டினார். குருவின் முன்னால் போய் நின்றபோது முதல் முறையாக அவர் தலை குனிந்திருந்தது.

"நான் கெளம்பறன்மா."

"வீட்டுக்கா?"

"அங்க எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவன்? எங்கயாவது போறன். ஒரு பிடி கேவுரு வெளைய வெக்க வக்கில்லாதவனுக்குத் துண்டு எதுக்கு?"

அம்மாள் உள்ளே போய், மண்கட்டி உடைக்கிற மரச்சுத்தியலான கொட்டாப்புளி ஒன்றை எடுத்துவந்து மூட்டையின் மேல் வைத்தார்.

"போறதுன்னா வயல இருந்த மாதிரி விட்டுட்டுப் போங்க ஐயா. களி போட்டது நீங்கதானே? ஒடைச்சு அள்ளுங்க."

மாசி வெயில், பங்குனி வெயில். கொளஞ்சி கொட்டாப்புளியை ஓங்கி ஓங்கித் தன் வயலைத் தானே உடைத்தார். பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த களி அது. ஒவ்வொரு கட்டியும் அவரோடு மல்லுக்கு நின்றது. முதலில் கோபத்தில் உடைத்தார். பிறகு அழுகையில் உடைத்தார். பிறகு எதுவும் நினைக்காமல் உடைத்தார். கட்டிகள் தூளாயின. பழைய மணல் வெளியே தெரிகிற வரை அள்ளி, ஓரத்தில் குவித்தார். மூட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அம்மா, இத எங்க கொட்டறது? மேட்டுக்கே கொண்டுபோயிடவா?"

"அவ்ளோ தூரம் எதுக்கு? சிவக்கொழுந்து வயல் பக்கத்துலதானே இருக்குது."

கொளஞ்சிக்குச் சுருக்கென்றது. "அவுரு கேக்கவே இல்லையேம்மா. போன வருசம் வேணாம்னுட்டாரு."

"அவுரு எதையுமே கேக்கமாட்டாரு."

"நெத்தி வேர்வை நெலத்துல விழ ஒடைச்சது நான்மா."

"ஆமா. அதனாலதான் நல்லா பொடிஞ்சிருக்குது."

கொளஞ்சி கூடையை எடுத்தார். எடுத்தாரே தவிர மனம் இல்லை. முதல் கூடையைக் கொண்டுபோய்க் கொட்டியதும் சிவக்கொழுந்து ஓடிவந்தார்.

"அண்ணே, வேணாண்ணே. நான் பாவி. எனக்கு எதுக்கு இவ்ளோ நல்ல மண்ணு?"

"நீ பாவியாவே இருந்துட்டுப் போ. வயல் என்னய்யா பாவம் பண்ணுச்சு?" என்று எரிந்துவிழுந்தார் கொளஞ்சி. "எதுத்து எதுத்துப் பேசாம வந்து பரப்பு!"

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத சிவக்கொழுந்து, பரப்ப உட்கார்ந்தார்.

இந்தத் தடவை கொளஞ்சி விரலைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்துப் பார்த்துப் பரப்பினார். ஒரு விரற்கடைக்கு மேல் இல்லை. மேற்கு வயல் முழுக்க நிரவிய பிறகும் தூள் மிச்சம் இருந்தது. அதில் எடுத்துத் தன் வயலிலும் அதே கனத்துக்குப் போட்டார். மீதி ஓரத்தில் குவியலாகவே கிடந்தது. நாள்கணக்கில் கூடை சுமந்து அவர் உச்சந்தலை வழுக்கையாகிவிட்டது என்று மடத்தில் கேலி பேசினார்கள். அது முன்பே வழுக்கைதான்.

சித்திரையில் ஆட்டுக்காரர் ஏழுமலை மந்தையோடு வந்தார். கோடையில் வெறும் வயல்களில் இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு எரு. அம்மாள் இரண்டு வயலையும் காட்டினார்.

"இங்க ஒரு மாசம் போடுங்க."

"மணல்ல கிடை போட்டா எரு நிக்காதேம்மா."

"இந்த வருசம் போட்டுப் பாருங்க."

ஆடுகள் படுத்தன, எழுந்தன, முட்டிக்கொண்டன, சுற்றிச் சுற்றி மிதித்தன. களித்தூளும் மணலும் புழுக்கையும் குளம்படியில் ஒன்றாகின. உழவு மாட்டைக் கட்டி ஒரு வருடம் உழுதாலும் அப்படிக் கலந்திருக்காது. ஆடிப் புழுதியில் கொளஞ்சி ஒரு பிடி மண்ணை எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிடித்துப் பார்த்தார். உருண்டையாக நின்றது. விரலால் தொட்டார். பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடியும் பிடித்தார், மறுபடியும் தொட்டார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காமல் அவர் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

மழை பெய்தது. தண்ணீர் நிற்கவும் இல்லை, ஓடி ஒளியவும் இல்லை. வயல் வாங்கி வைத்துக்கொண்டது. விதைத்த கேழ்வரகு ஒரே சீராக முளைத்தது. கரும்பச்சையாகத் தூர் கட்டியது. முழங்கால் உயரம் வந்தது, தாண்டியது. புரட்டாசியில் கதிர் வாங்கியபோது, சாலையில் சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள்.

"மடத்து நெலமா இது?"

"மடத்து நெலம்தான்" என்பார் கொளஞ்சி. குரலை அடக்கித்தான் சொல்லப் பார்ப்பார். குரல் அடங்காது.

ஒருநாள் பகலில் மேற்கு வயல் பக்கம் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. மடமே எழுந்து ஓடியது. வரப்பில் சிவக்கொழுந்து நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வயலில் ஒரு வெள்ளாடு வாய் வைத்திருந்தது.

"யாரு ஆடுய்யா இது? ஓட்டு! இது யாரு வயல்னு நெனச்ச? கண்ணுல வெச்சு காப்பாத்திக்கிட்டு இருக்கன் நான்! சிவக்கொழுந்து வெளைய வெச்ச வயல்யா இது!"

ஆட்டுக்குச் சொந்தக்காரர் ஆட்டின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். சிவக்கொழுந்துக்குத் தொண்டை இருப்பதே அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அதோடு நிற்கவில்லை. மறுவாரம் அம்மாள் அவரிடம் ஏதோ வேலை சொன்னபோது, "அது அப்படி இல்லம்மா, மொதல்ல களத்தைச் சரிபண்ணிட்டு அப்புறம் அறுக்கலாம்" என்றார் சிவக்கொழுந்து. நேற்றுச் சொன்னதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. முந்தாநாள் சொன்னதும் இருந்தது. கொளஞ்சி அவரை ஓரக்கண்ணால் பார்த்தார். தன் குரலையே வேறொருவர் வாயில் கேட்பது போல இருந்தது அவருக்கு.

கார்த்திகையில் அறுவடை. களத்தில் இரண்டு குவியல். எந்தக் குவியல் எந்த வயலுடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பிடி அள்ளித் திரித்து, ஆளுக்கொரு சட்டியில் கூழ் காய்ச்சினார்கள். மடத்தில் இருந்தவர்கள், ஏழுமலை, சாலையில் நின்று பார்த்தவர்கள் சிலர் எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். அம்மாள் மடித்த காவித் துண்டுகள் இரண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிவக்கொழுந்து நேராகப் போய்க் கூழைக் கொடுத்தார். கொளஞ்சியும் கொடுத்தார். கொடுத்தவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

அம்மாள் இரண்டு கூழையும் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு துண்டுகளைப் பிரித்தார்.

"எனக்கு வேணாம்மா" என்றார் கொளஞ்சி.

"ஏன் ஐயா?"

"பொய் சொல்லித் துண்டு வாங்கமாட்டன். கதிர களத்துல குவிச்சப்ப, நெஞ்சு எப்படி விரிஞ்சுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். ரோட்டுல போற பஸ்ஸ நிறுத்தி எறங்குங்கய்யா, பாருங்கய்யான்னு கத்தணும் போல இருந்துச்சு. இப்பவும் இருக்குது. எத போக்கணும்னு வந்தனோ அது போகவே இல்லம்மா." கொளஞ்சி பக்கத்தில் கையைக் காட்டினார். "அது மட்டும்னா பரவால்ல. ஒண்ணும் அறியாத மனுசன், இந்தச் சிவக்கொழுந்து. என்கிட்டயிருந்து அவுருக்கும் ஒட்டிக்கிச்சு."

"ஒட்டினா என்னண்ணே இப்ப?" என்றார் சிவக்கொழுந்து, நிமிர்ந்து நின்றபடி.

முற்றத்தில் சிரிப்பு எழுந்தது. அம்மாளும் சிரித்தார். எழுந்து வந்து ஒரு துண்டைச் சிவக்கொழுந்தின் தோளில் போட்டார். இன்னொன்றைக் கொளஞ்சியின் தோளில் போட்டு, நழுவாமல் இழுத்துவிட்டார்.

"ஒரு வெரக்கட கனம் இருக்கட்டும்னுதானே ஐயா அன்னிக்கே சொன்னன். கோடை பூரா அவுரு வயலுக்குக் கூடை கூடையாச் சுமந்தீங்களே, வேற எத சுமக்கறதா நெனச்சீங்க?"